ஒரே தராசு

 

கொள்கையைப் பற்றிப் பேசுவதற்குச் செலவேதும் இல்லை. திண்ணையில் அமர்ந்து எவரும் பேசலாம், மேடையேறி முழங்கலாம். அந்தக் கொள்கைக்காகக் கைப்பொருளையோ பதவியையோ புகழையோ இழக்க நேரும் நாளில்தான், அது உதட்டளவில் இருந்ததா, உள்ளத்தில் வேரூன்றி இருந்ததா என்பது வெளிப்படும். மக்கத்துச் சுடுமணலில் கிடத்தப்பட்டு, நெஞ்சின் மீது பாறை ஏற்றப்பட்ட நிலையிலும் ஏக இறைவனின் பெயரை விடாது மொழிந்த ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத முஸ்லிம் இல்லம் ஏது?

நம்மவர் ஒருவர் இப்படி விலை கொடுத்து நிற்கும்போது நம் உள்ளம் பூரிக்கிறது. அது இயல்பு. ஆனால், நமக்கு உவப்பில்லாத ஒரு காரணத்துக்காக, நம் வழக்கத்துக்கு மாறான ஒரு கொள்கைக்காக, பிற சமயத்தவர் ஒருவர் அதே விலையைக் கொடுத்து நின்றால் நாம் என்ன சொல்கிறோம்? இம்மாதம் இந்த வினாவைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஹமதானுக்குச் செல்ல மறுத்த வீராங்கனை

நம் நாட்டின் சதுரங்க வீராங்கனைகளுள் சௌம்யா சுவாமிநாதன் என்பவர் ஒருவர். பெயர் ஒன்றாக இருப்பதால், வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் அவர்களின் மகளான மருத்துவ விஞ்ஞானியோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் வேறு. 2009 ஆம் ஆண்டு அர்ஜென்டினாவில் நடைபெற்ற உலக இளையோர் போட்டியில் பெண்கள் பிரிவில் வாகை சூடியவர். பெண்களுக்கான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர்.

2018 ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஈரான் நாட்டின் ஹமதான் நகரில் ஆசிய நாடுகளுக்கு இடையிலான சதுரங்க அணிப் போட்டி நடைபெற இருந்தது. மருத்துவ மேதை இப்னு சீனா அடக்கமாகியிருக்கும் பழம்பெரும் நகரம் அது. இந்தியப் பெண்கள் அணியில் சௌம்யாவுக்கு இடம் இருந்தது. ஆனால் ஈரான் நாட்டுச் சட்டப்படி, அங்கு வரும் பெண்கள் எந்தச் சமயத்தவராயினும் தலையை மறைக்க வேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதம் சௌம்யா தம் முடிவைப் பகிரங்கமாக அறிவித்தார். தலைத்துணியைக் கட்டாயமாக்கும் சட்டம் தம் அடிப்படை மனித உரிமைக்கும் மனச்சான்றின் உரிமைக்கும் மாறானது. ஆகவே அப்போட்டிக்குச் செல்வதில்லை. விளையாட்டு அணிக்குரிய சீருடையை அணியுமாறு அமைப்பாளர்கள் கேட்பது முறைதான். சமயம் சார்ந்த ஆடையை விளையாட்டில் வலிந்து புகுத்துவது முறையாகாது. இதுவே அவர் கூறியதன் சாரம்.

சதுரங்கம் ஆகுமானதா, ஆகாததா என்ற ஃபிக்ஹு விவாதத்துக்குள் நாம் இங்கே நுழையவில்லை. அதை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிடுவோம். ஒரு விளையாட்டு வீரர் நாட்டின் அணியில் இடம்பெறப் பல்லாண்டுகள் உழைக்கிறார். அந்த அணியின் சார்பில் ஆடும் ஒவ்வொரு போட்டியும் அவருக்குச் செல்வம். அதைத் தாமே முன்வந்து துறப்பது எளிதன்று. எவரும் சௌம்யாவை அணியிலிருந்து நீக்கவில்லை. தம் இடத்தைத் தாமே விட்டுக்கொடுத்தார். அதனால் வந்த இழப்பும் முழுக்க அவருடையதே.

இவருக்கு முன்னர், துப்பாக்கி சுடும் வீராங்கனை ஹீனா சித்துவும் இதே காரணத்தைச் சொல்லி, 2016 இல் தெஹ்ரானில் நடைபெறவிருந்த ஆசியப் போட்டியிலிருந்து விலகினார். இன்னொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. 2017 இல் தெஹ்ரானில் நடைபெற்ற பெண்கள் உலகச் சதுரங்கப் போட்டியில் நம் நாட்டின் துரோணவல்லி ஹரிகா தலைத்துணி அணிந்தே ஆடி, அரையிறுதி வரை சென்று வெண்கலம் பெற்றார். அவரும் குற்றம் செய்தவர் அல்லர். சென்ற நாட்டின் வழக்கத்துக்கு இணங்குவது அவருடைய விருப்பம். இணங்க மறுத்து இல்லத்திலேயே இருந்துவிடுவது சௌம்யாவின் விருப்பம்.

சௌம்யாவின் அறிவிப்பு வெளிவந்தபோது இருவகைக் குரல்கள் எழுந்தன. நம்மை எந்நேரமும் குறை கூறக் காத்திருப்போர் அதனைக் கையில் வாளாக ஏந்திக்கொண்டு இஸ்லாத்தைச் சாடினர். நம்மவருள் சிலரோ, நம் மார்க்கத்தின் ஒழுக்கத்தையே அப்பெண் இழிவு செய்துவிட்டதாகக் கருதிச் சினந்தனர். இரு தரப்பாரும் ஒன்றை மறந்தனர்: அப்பெண் எவருடைய தலைத்துணியையும் அகற்றச் சொல்லவில்லை. தம் தலையில் அதனைப் பிறர் கட்டுவதைத்தான் மறுத்தார்.

இஞ்சியோனில் நின்ற சகோதரிகள்

இனி, இதே நாணயத்தின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம்.

2014 ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. கத்தார் நாட்டின் பெண்கள் கூடைப்பந்து அணி மங்கோலிய அணியை எதிர்த்து ஆடக் களத்துக்கு வந்தது. தலையில் எதையும் அணிந்து ஆடலாகாது என்பது அன்றைய சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி. தலைத்துணியைக் கழற்றிவிட்டு ஆடும்படி நடுவர்கள் கூறினர். அச்சகோதரிகள் கழற்றவில்லை. ஆட்டம் மங்கோலியாவுக்கு வழங்கப்பட்டது. கத்தார் அணி போட்டித் தொடரிலிருந்தே விலகிற்று.

பதக்கம் போயிற்று, பயிற்சியும் பயணமும் வீணாயின. ஆயினும் அவர்கள் நின்ற நிலை வீணாகவில்லை. உலகெங்கும் அது பேசப்பட்டது. பலரும் பலவாறு முறையிட்டதன் பயனாக 2017 இல் அந்த விதி மாற்றப்பட்டது. இன்று தலைத்துணியோடு கூடைப்பந்து ஆடுவதற்குத் தடை இல்லை. கால்பந்திலும் இத்தகைய தடை இருந்து, 2014 இல் நீங்கிற்று.

கால்பந்தின் செய்தியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு படிப்பினை உண்டு. 2011 இல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்காக ஈரான் நாட்டுப் பெண்கள் அணி ஜோர்டான் தலைநகர் அம்மானுக்குச் சென்றது. தலையும் கழுத்தும் மறையும் ஆடையோடு ஆட இயலாது என்று கூறி அவர்களுக்கு ஆட்டம் மறுக்கப்பட்டது. அந்தப் பெண்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தலைத்துணி இல்லாவிட்டால் அவர்களுடைய அரசு ஆட விடாது. தலைத்துணி இருந்தால் சர்வதேசச் சம்மேளனம் ஆட விடாது. இரண்டு கட்டளைகளுக்கு இடையே அவர்கள் நின்றார்கள். அவர்களுள் மனமுவந்து அணிந்தவர் எவர், சட்டத்துக்கு அஞ்சி அணிந்தவர் எவர் என்று கேட்பார் எவருமில்லை. 'உன் உள்ளம் என்ன சொல்கிறது, மகளே?' என்ற ஒரு வினாவை மட்டும் இரு தரப்பாரும் கேட்கவில்லை.

கட்டாயமாக அணிவிப்பதும், கட்டாயமாகக் கழற்றுவிப்பதும் பார்வைக்கு எதிரெதிர்த் திசைகள். உள்ளே நுழைந்து பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். உள்ளத்தின் உரிமையைப் பிறர் கையில் எடுத்துக்கொள்வதே இரண்டுக்கும் பொதுவான குணம்.

முஹம்மத் அலீ கொடுத்த விலை

விளையாட்டு வீரர்களின் கொள்கை உறுதி என்றதும் நம் இல்லங்களில் முதலில் எழும் பெயர் முஹம்மத் அலீ. 1980 இல் அவர் சென்னைக்கே வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியொன்றில் குத்துச்சண்டை ஆடினார். அவரைக் காண வந்தவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர், மற்றவர்களும் இருந்தனர். அன்று எழுந்த கரவொலி அவருடைய முட்டியின் வலிமைக்கு மட்டும் உரியதன்று.

1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில், வியட்நாம் போருக்கான படைச்சேர்க்கையின்போது அவர் பெயர் அழைக்கப்பட்டது. அவர் முன்வரவில்லை. தம் சமய நம்பிக்கை அந்தப் போருக்கு இடம் தரவில்லை என்றார். உலகச் சாம்பியன் பட்டம் பறிக்கப்பட்டது. ஆடும் உரிமம் நீக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் அவர் சிறை செல்லவில்லை. எனினும் நாட்டைவிட்டு வெளியேற இயலாதவாறு பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. ஒரு குத்துச்சண்டை வீரனின் உடல் உச்ச வலிமையில் இருக்கும் 25 வயதிலிருந்து 28 வயது வரை அவர் களத்தில் இல்லை. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் அவருக்கு அளிக்கப்பட்ட தண்டனையை ஒருமித்த குரலில் நீக்கிற்று. பட்டம் பின்னர் திரும்பிவந்தது. போன ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

ஒன்றை நாம் மறத்தலாகாது. 1967 இல் அமெரிக்கர்களுள் மிகப் பலருக்கு அலீயின் செயல் பிடிக்கவில்லை. தேசத்துரோகி என்றும் கோழை என்றும் அவரை ஏசினர். அவர் அன்று சார்ந்திருந்த இயக்கத்தின் கொள்கைகள் சிலவற்றை நாமேகூட ஏற்கமாட்டோம். 1975 இல்தான் அவர் அவ்வியக்கத்தின் வழியிலிருந்து பொதுவான இஸ்லாமிய வழிக்கு வந்தார். ஆயினும் அவருக்கு மாறான கருத்துடைய அமெரிக்கர் பலர், நாளடைவில், 'இம்மனிதரின் கருத்து எமக்கு உடன்பாடில்லை. ஆனால் தம் உள்ளத்துக்கு உண்மையாக நின்றார்' என்று மதிக்கக் கற்றுக்கொண்டனர். 2016 இல் அவர் மறைந்தபோது அந்நாடே துயருற்றது.

அலீக்கு அமெரிக்கர் இறுதியில் வழங்கிய அந்த மரியாதையை, சௌம்யாவுக்கு நாம் வழங்க இயலுமா? நம்முன் உள்ள வினா இதுவே.

அளவையில் மோசம்

நம் பாலசமுத்திரத்துக்கு அருகே உள்ள ஆயக்குடி, கொய்யாப் பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு வணிகர், தோட்டக்காரரிடம் வாங்குவதற்கு ஒரு தராசும், வெளியூராருக்கு விற்பதற்கு வேறொரு தராசும் வைத்திருந்தால் அவரை என்னவென்று சொல்வோம்? அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. அந்த எச்சரிக்கை பழத்துக்கும் பருப்புக்கும் மட்டுமா? மனிதரின் மனச்சான்றை நிறுப்பதிலும் மோசம் உண்டல்லவா?

கத்தார் சகோதரிகளை வீராங்கனைகள் என்று போற்றிவிட்டு, சௌம்யாவைத் திமிர் பிடித்தவர் என்று ஏசினால், நம்மிடம் இரண்டு தராசுகள் இருக்கின்றன என்று பொருள். சௌம்யாவைப் போற்றிவிட்டு, கத்தார் சகோதரிகளைப் பிற்போக்கானவர்கள் என்று எள்ளுவோரிடமும் இரண்டு தராசுகளே இருக்கின்றன. அவர்களுடைய தராசைத் திருத்துவது நம் கையில் இல்லை. நம்முடையதைத் திருத்தலாம்.

'பர்தா இறைவன் விதித்த கடமையாயிற்றே. அதனை மறுப்பவரை எவ்வாறு மதிப்பது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடமை என்பது நம்பிக்கை கொண்டோர் மீது விதிக்கப்பட்டது. தொழுகையும் நோன்பும் நமக்குக் கடமை. நம் அண்டை வீட்டாருக்கு அவற்றைக் கடமையாக்க நாம் யார்? சமயத்தை எவர் மீதும் வலிந்து சுமத்தலாகாது என்பது அல்பகரா அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் பாடம். அமல்கள் யாவும் நிய்யத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பது அண்ணலார் (ஸல்) அவர்களின் அறிவுரை. நிய்யத் இல்லாத தலையின் மீது போர்த்தப்படும் துணி, துணியாகவே இருக்கும். அது இபாதத் ஆவதில்லை.

நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவக் குழுவினர், மதீனத்துப் பள்ளிவாசலிலேயே தங்கள் வழிபாட்டை நிறைவேற்ற அண்ணலார் (ஸல்) அவர்கள் இசைந்த செய்தியைச் சீறா நூல்கள் கூறுகின்றன. பைத்துல் முகத்தஸ் நகருக்குள் நுழைந்த ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், கிறிஸ்தவர்களின் தேவாலயத்துக்குள் தொழும்படி வேண்டப்பட்டும் மறுத்துவிட்டார்கள். தாம் அங்கே தொழுதால் பின்வரும் முஸ்லிம்கள் அதனையே காரணமாக்கி அவ்விடத்தைப் பறித்துவிடுவரோ என அஞ்சினார்கள் என்று வரலாறு சொல்கிறது. வென்ற தலைவர், தோற்றவரின் வழிபாட்டிடத்துக்குக் காட்டிய அந்தப் பேணுதலை எண்ணும்போது, விருந்தாளியாக வரும் ஒரு விளையாட்டு வீராங்கனையின் விருப்பத்தைப் பேணுவது நமக்கு அரிதாகத் தோன்றலாமா?

'பிறிதொரு நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டாமா?' என்று வேறு சிலர் கேட்பர். சௌம்யா அந்நாட்டுக்குள் சென்று சட்டத்தை மீறவில்லை, கலகம் விளைவிக்கவில்லை. சட்டத்துக்கு இணங்க இயலாதபோது எல்லைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அதன் இழப்பைத் தாமே ஏற்றார். இதைவிடக் கண்ணியமான மறுப்பு வேறு எது?

நம் இல்லங்களில்

இது ஏதோ தொலைதூர நாட்டின் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். 2022 இல் கர்நாடக மாநிலத்தில் நம் மாணவியர் தலைத்துணியோடு கல்லூரி வாசலில் தடுக்கப்பட்டபோது நம் உள்ளம் துடித்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் அம்மாநில உயர்நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்புகளை வழங்கினர். தடையை ஏற்காத நீதிபதி, அணிவதும் அணியாதிருப்பதும் அப்பெண்ணின் விருப்பம் என்பதையும், அவளுடைய கல்வி தடைபடலாகாது என்பதையுமே முதன்மையாகக் கொண்டார். அந்த நியாயத்தை நாம் மகிழ்ந்து வரவேற்றோம். 'அது அப்பெண்ணின் விருப்பம்' என்று நீதிமன்றத்தில் வாதிடும் சமுதாயம், சௌம்யாவின் விருப்பத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கலாகாது. நமக்காக நாம் எழுப்பும் வாதமே நம்மைக் கட்டுப்படுத்தும்.

நாம் நடத்தும் கல்விக்கூடங்கள் எத்தனையோ உண்டு. அங்கே பணியாற்ற வரும் பிற சமயச் சகோதரி ஒருவரிடம், 'எங்கள் நிறுவனத்தில் நீங்களும் தலையை மறைக்க வேண்டும்' என்று நாம் கேட்டால், அது எந்தத் தராசு? நாகரிகமான உடை என்ற பொதுவிதி வேறு; நம் சமயத்தின் அடையாளத்தை அவர் மீது சுமத்துவது வேறு.

வீட்டுக்குள்ளும் இக்கேள்வி நுழையவே செய்யும். அத்தாவின் அதட்டலுக்கு அஞ்சி மட்டும் தலையை மறைக்கும் மகள், அத்தா இல்லாத இடத்தில் என்ன செய்வாள்? அன்போடு எடுத்துச் சொல்லி, அவள் ஐயங்களைச் செவிமடுத்து, அல்லாஹ்வுக்காக என்ற எண்ணத்தை அவளுள் ஊன்றிவிட்டால், இஞ்சியோனில் நின்ற சகோதரிகளைப் போல உலகமே எதிர்த்தாலும் அவள் நிற்பாள். நம் பிள்ளைகள் பள்ளி விளையாட்டு அணிகளில் சேர விரும்பும்போது, ஆடையைக் காரணம் காட்டி முடக்கிவிடாமல், கண்ணியமான ஆடையோடு ஆட வழி செய்யுமாறு ஆசிரியர்களிடம் சென்று கேட்பதும் பெற்றோரின் கடமையே. கேட்டவர்கள் இருந்ததனால்தான் உலகச் சம்மேளனங்களின் விதிகளே மாறின.

பழநி மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இது புதிய பாடமன்று. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி சுமந்து, வெறுங்காலோடு பல நாள் நடந்து, நம் ஊர்ச் சாலைகளில் வருவோரைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவருகிறோம். அவர்கள் நம்பிக்கை வேறு. நம் நம்பிக்கை வேறு. காலில் கொப்புளத்தோடு நடப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு அவருடைய வணக்கத்தை நாம் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. நமக்குத் தண்ணீர் கொடுக்க அவர் நம் கலிமாவை மொழிய வேண்டியதும் இல்லை. அவர் தம் நம்பிக்கைக்காகப் படும் சிரமத்தை நாம் மதிக்கிறோம். ரமலானில் நாம் படும் தாகத்தை அவர் மதிக்கிறார். ஊர்ச்சாலையில் இயல்பாகக் கைவரும் இப்பண்பு, செய்தித்தாளைப் பிரித்ததும் ஏன் நம்மைவிட்டுப் போகவேண்டும்?

ஒருவர் தம் கொள்கைக்காகத் தாமே விலை கொடுக்கிறாரா, பிறரைக் கொடுக்கச் செய்கிறாரா என்று முதலில் பார்ப்போம். தாமே கொடுப்பவராயின், அவர் கொள்கை நமக்கு உடன்பாடாயினும் இல்லாவிடினும், அவருடைய உண்மைக்குரிய மரியாதையைக் குறைக்காமல் நிறுத்துக் கொடுப்போம்.

நமக்கென்று ஒன்றும் பிறருக்கென்று ஒன்றுமாக இரு தராசு வைத்திருப்போராக நம்மை ஆக்கிவிடாமல், நீதியில் நிலைத்து நிற்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.